போன் வழியாக வந்த மண்

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலை, கரூர் பூங்கா நகரில் போனைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தவர்களின் கால்களில் மண் ஒட்டியிருந்தது. முந்தின நாள்தான் தெருவே திரண்டு அமராவதிக்குப் போய், இருக்கிற தண்ணீரில் கால் நனைத்து, புளிச்சோறும் தயிர்ச்சோறும் தின்றுவிட்டு வந்திருந்ததால், ஆற்று மணல்தான் இன்னும் உதிர்கிறது என்று எல்லோரும் நினைத்தோம்; காலைக் கழுவினோம், கழுவின காலோடு நாற்காலியில் சாய்ந்து மறுபடி போனைப் பார்த்தோம், பார்த்து முடித்து வைத்தால் மறுபடி மண். வாசலைத் தாண்டாத காலில், நாற்காலியை விட்டே இறங்காத காலில், பாதம் முழுக்க அப்பியிருந்தது. இது ஆற்று மணல் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தெரிந்தது, தெரிந்ததை அடுத்தவரிடம் சொல்ல ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வெட்கமாக இருந்தது.

முதலில் வெளியே தெரிந்தது நல்லசிவத்தின் கால்தான். அவர் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சங்கம் இல்லாமல் இருக்க முடியாமல் எங்களுக்கு ஒரு சங்கம் வைத்தவர். போனில் செய்தி தவிர வேறொன்றும் பார்ப்பதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவார். அன்று அவர் நாற்காலியை விட்டு எழுந்தபோது கணுக்கால் வரை மைதா மாவும், மாவுக்கு மேலே எண்ணெயுமாக, நடந்த இடமெல்லாம் தரை வழுக்கிற்று. அவர் மனைவி குனிந்து ஒரு விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். சர்க்கரை வந்ததிலிருந்து டாக்டர் புரோட்டாவை நிறுத்தியிருந்தார், வாயில் போடாத விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவை அந்த மனிதர் கண்ணால் தின்றுகொண்டிருந்திருக்கிறார், கல்லில் வீசுவதையும் கையால் அடித்து நொறுக்குவதையும் மணிக்கணக்கில். அந்த அம்மாள் கோபப்படவில்லை. வாசலுக்கு வந்து, எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, எங்க வீட்டுக்காரரு விருதுநகரு வரைக்கும் போயிட்டு வந்திருக்காருங்க என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் தெருவில் யாருக்கும் வெட்கம் இல்லாமல் போயிற்று.

போன இடத்து மண் காலில் வருகிறது, அவ்வளவுதான் விஷயம். கிரிக்கெட் பார்த்தவர் காலில் புல் ஒட்டியிருந்தது. பட்டுச்சேலை பார்த்தவர் விரலிடுக்கில் சரிகை நூல் சுற்றியிருந்தது, ஷேர் மார்க்கெட் பார்த்தவருக்கு உள்ளங்கால் சுட்டிருந்தது, சொந்தக்காரர்கள் குழுவில் காது குத்துக்கு யாரைக் கூப்பிட்டார்கள் யாரை விட்டார்கள் என்று சண்டை போட்டுவிட்டு வந்தவருக்கு நெருஞ்சி முள் தைத்திருந்தது. கோயில் அபிஷேகம் பார்த்தவர்கள் காலில் திருநீறு வந்தது. காலில் பட்ட திருநீற்றை என்ன செய்வது என்று இரண்டு நாள் பெரிய விவாதமாகி, கடைசியில் அதை மட்டும் தனியாக வழித்து வேப்பமரத்தடியில் போடுவது என்று முடிவாயிற்று. கனடாவில் இருக்கிற மகனோடு வீடியோவில் பேசிவிட்டு எழுந்த தனலட்சுமி அக்காள் காலில் பனி இருந்தது. அதை அப்படியே டம்ளரில் வழித்து, கரைவதற்குள் நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார், எம் பையன் வாசல்ல இருந்து வந்ததுங்க என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் எங்கே போய் வந்தேன், என் காலில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள்.

ஏன் வந்தது என்று யாரும் பெரிதாக ஆராயவில்லை. எங்கிருந்தோ ஒரு பேராசிரியர் வந்து சின்னச் சின்னக் கவர்களில் மண்ணை எடுத்துக்கொண்டார், எடுத்ததைப் போனில் என்னவோ சரிபார்த்தார், போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் குனிந்தபோது அவர் காலில் மீன் செதிலாக இருந்தது. தூண்டில் போடுகிற வீடியோக்களில் அவருக்குக் கொள்ளை ஆசையாம். அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதைவிட எங்களுக்கு ருக்குமணி என்ன சொல்லப்போகிறாள் என்பதுதான் கவலையாக இருந்தது. தெருவில் பாதி வீடுகளைக் கூட்டித் துடைப்பவள் அவள்தான். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னாள்.

"வாசல் வழியா வர்ற மண்ணைக் கூட்டறதுக்குத்தானுங்க நான் வந்தது. போன் வழியா வர்ற மண்ணு உங்க பாடு."

ஆகவே சோபாவுக்குப் பக்கத்தில் வாளியும் சொம்பும் வந்தன, படுக்கைக்குப் பக்கத்தில் துணி வந்தது, கால் கழுவாமல் சமையலறைக்குள் நுழைந்தால் ஏச்சு விழுந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் சொல்லிக்கொண்டு வருவதும், மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் சொல்லாமல் போய் நிற்பதும் வழக்கமாயிற்று; பையன் காலைக் கழுவுவதற்குள் பார்த்துவிட வேண்டும் அல்லவா. இப்படியாக ஆவணி பிறப்பதற்குள் எங்களுக்கு இது மழைக்காலத்துச் சேறு மாதிரி பழகிவிட்டது.

இதில் ஒருத்திக்கு மட்டும் இது வேடிக்கையாக இல்லை. கோகிலவாணி, எங்கள் தெருவின் கடைசி வீடு. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிற வீட்டு ஜவுளிக்கு டிசைன் போடுகிறவள், அதிலும் கால்மிதி. எந்த நூல், எந்தப் பின்னல், எந்த ஓரம், எந்த எழுத்து என்று வரைந்து கொடுப்பது அவள் வேலை. கணவர் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் இருந்தார், அவர் காலில் வந்ததும் கிரிக்கெட் புல்தான், அதைப்பற்றி அவளுக்குக் கவலை இல்லை. கவலை மகளைப் பற்றி. கனிஷ்கா பிளஸ் ஒன் படித்தாள். பள்ளிவிட்டு வந்தால் அன்றைக்கு நடந்ததைப் படிக்கட்டிலிருந்தே கத்திக்கொண்டு வருகிற பெண், கோடை லீவுக்கு அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டாள். கோபம் என்றாலாவது சண்டை போடலாம். கேட்டால் ம் என்பாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை, எந்நேரமும் போன் கையில், கண் போனில்.

மண் வருவதற்கு முன்பே கோகிலா எல்லா வித்தையும் பார்த்திருந்தாள். நெட்டை நிறுத்திப் பார்த்தாள், போனுக்கு ரப்பர் பேண்டு போட்டுப் பார்த்தாள், எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று கணக்குச் சொல்கிற செயலியை ஏற்றிப் பார்த்தாள். ரப்பர் பேண்டைக் கனிஷ்கா தலைமுடிக்குப் போட்டுக்கொண்டாள். காலில் மண் வரத் தொடங்கிய அன்று, ஊரில் எல்லோரும் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கோகிலா ஓடிப்போய்ப் பார்த்தது மகளுடைய காலைத்தான். துடைத்துவைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. மறுநாளும் சுத்தம். மகள் எந்தத் தப்பான இடத்துக்கும் போகவில்லை என்று அவளுக்கு ஒரு பக்கம் நெஞ்சு குளிர்ந்தது, அப்படியானால் இந்தப் பெண் இத்தனை நேரம் எங்கேதான் இருக்கிறாள் என்று இன்னொரு பக்கம் அடித்துக்கொண்டது. அவளுக்கு வேண்டியதெல்லாம் மகள் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம்.

நல்லசிவம்தான் அவளிடம் வந்து கேட்டார். ஊர் ஊருக்குக் கால்மிதி போடறியே கோகிலா, நம்ம தெருவுக்கு ஒண்ணு போடக் கூடாதா, போனை எடுக்கிற ஒவ்வொருத்தரும் ஒரு நிமிஷம் யோசிக்கிற மாதிரி. அவள் தன் மகளை நினைத்துக்கொண்டு சரி என்றாள். அலுவலகத்தில் மிஞ்சின துண்டுகளை வைத்து, போன் அளவுக்கு, அடியில் ரப்பர் ஒட்டி, தெருவுக்கெல்லாம் கால்மிதி தைத்தாள். போனை அதன்மேல் வைக்க வேண்டும், எடுக்கும்போது போனுக்கு அடியில் பின்னியிருக்கிற எழுத்து தெரியும். எங்கே போறீங்க, என்பதுதான் எழுத்து. யோசிக்க வைக்கிற கேள்விதானே, ஒரு குற்றமும் சொல்ல முடியாது என்று நினைத்தாள்.

தெரு கொந்தளித்துவிட்டது. புறப்படுகிறவரைப் பார்த்து எங்கே போறீங்க என்று யாராவது கேட்பார்களா? கேட்டால் போகிற காரியம் விளங்குமா? கேட்டேதான் ஆகவேண்டும் என்றால் தூரமுங்களா என்று கேட்கலாம், அதுவும் சிரித்துக்கொண்டு கேட்க வேண்டும், அதுவும் புறப்படுகிறவர் படியிறங்கின பிறகு கேட்க வேண்டும். அந்த வாரம் நெட் மெதுவாக வந்ததற்கும், ரீசார்ஜ் ஏறாமல் போனதற்கும், நல்லசிவத்தின் போன் சாம்பாருக்குள் விழுந்ததற்கும் கால்மிதிதான் காரணம் என்று ஆயிற்று. தனலட்சுமி அக்காளுக்குக் கனடா லைன் கிடைக்கவே இல்லை. மகனுக்கு நைட் ஷிப்ட் என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் கால்மிதியைக் கையில் எடுத்துக்கொண்டு கோகிலா வீட்டுக்கு வந்து, திண்ணென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ நல்லவதான் கண்ணு, நான் ஒண்ணுஞ் சொல்லுல. ஆனா காலெடுத்து வெக்கறவங்களை எங்கன்னு கேட்டா, யாருக்குத்தான் பதில் சொல்லத் தோணும்?"

அக்காள் போன பிறகுதான் கோகிலாவுக்கு அது உறைத்தது. மகள் போனை எடுக்கிற ஒவ்வொரு தடவையும், இப்ப எதுக்கு அதை எடுக்கறே என்று அவள் கேட்காத நாளே கிடையாது. பஸ் ஏறப்போகிறவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி, எடுக்கும்போது மட்டும் கேட்டிருக்கிறாள். திரும்பி வைக்கிறபோது ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை, வைத்துவிட்டாளே என்ற நிம்மதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள்.

மறுநாள் அலுவலகத்தில், கப்பலேறப் போகிற கால்மிதிகள் அவள் மேசைக்கு வந்தன. எல்லாவற்றிலும் வழக்கம்போல ஏதோ ஒரு தேசத்துப் பாஷையில் வாங்க என்று பின்னியிருந்தது. இத்தனை வருஷமாகப் பார்த்தே இராத ஜனங்களுக்கு, போயே இராத வீட்டு வாசல்களுக்கு, வாங்க வாங்க என்று வரைந்து அனுப்பியிருக்கிறோம், நம் தெருக்காரர்களை மட்டும் எங்கே என்று அதட்டியிருக்கிறோமே என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு பென்சிலை எடுத்தாள்.

இரண்டாவது கால்மிதி நிஜமான கால்மிதி, கால் வைக்கிற அளவு. அதன் ஒரு மூலையில் போனுக்கு ஒரு பை, பைக்கு ஒரு மூடி. மூடியைத் திறந்து போனை எடுத்தால் அந்த மூடி மடிந்து எழுத்தை மறைத்துவிடும், போகிறவரை எதுவும் கேட்காது. திரும்பி வைக்க வேண்டுமானால் குனிய வேண்டும், குனிந்தால் கால் தெரியும், காலில் என்ன இருக்கிறது என்று தெரியும். காலைத் துடைத்து, போனை உள்ளே போட்டு, மூடியை இறக்கினால், வாங்க என்று எழுத்து தெரியும்.

அவ்வளவுதான் அந்தக் கால்மிதி. ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வாங்க என்று யாராவது சொல்லிவிட்டால் சும்மா இருக்க முடியாது, பதில் சொல்லியாக வேண்டும். வந்துட்டனுங்க என்று வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார்கள். வந்தேன் என்று சொன்ன பிறகு எங்கே போய் வந்தேன் என்று சொல்லாமல் இருப்பது எப்படி? போகிறவரைத்தான் கேட்கக் கூடாது, வந்தவரைக் கேட்கலாம், தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்கலாம், அதற்கு எந்தச் சாஸ்திரமும் குறுக்கே நிற்காது. ஆகவே கணவன் மனைவியிடமும் மனைவி மாமியாரிடமும் காலைக் காட்டிப் போன கதையைச் சொன்னார்கள். நெருஞ்சி முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, இத்தனை முள்ளுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டவர்கள் சொந்தக்காரர் குழுவுக்குப் போவதைக் குறைத்தார்கள். நல்லசிவம் ஒரு நாள் மனைவிக்கு முன்னால் உட்கார்ந்து விருதுநகர்க் கடையின் கல்லையும் மாஸ்டரின் கைவாகையும் சால்னாவின் நிறத்தையும் ஒன்று விடாமல் வர்ணித்தார். கேட்டு முடித்த அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமை கோதுமை மாவில் பிசைந்து அவருக்கு அரைப் புரோட்டா போட்டுக் கொடுத்தார். அரைதான், ஆனால் அதற்கப்புறம் அவர் காலில் மாவு குறைந்துவிட்டது.

கனிஷ்கா மட்டும் அந்தக் கால்மிதியில் போனை வைக்கவே இல்லை. தூங்கும்போதும் கையிலேயே வைத்திருந்தாள். கால் மட்டும் எப்போதும்போலச் சுத்தம், வாயில் எப்போதும்போல ம்.

தை வந்தது. பூங்கா நகரில் பூங்கா கிடையாது; பூங்காவுக்கென்று விட்ட இடத்தில் ஒரு போர் குழாயும், வேலியில் காயப்போட்ட கொசுவலைகளும், தன்னுடையது என்று யாரும் ஒத்துக்கொள்ளாத ஒரு வெள்ளாடும் இருந்தன. வெள்ளாட்டை ஓரமாகக் கட்டிவிட்டு அங்கேதான் பொங்கல் விழா. கோலப் போட்டி, மியூசிக்கல் சேர், உறியடி, இவற்றோடு அந்த வருஷம் நல்லசிவம் புதிதாக ஒரு போட்டி சேர்த்தார்: சுத்தமான கால். போன் வைத்திருக்கிற யாரும் கலந்துகொள்ளலாம், எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து அரை மணி போனைப் பார்க்க வேண்டும், பிறகு காலை நீட்ட வேண்டும். நீட்டினார்கள். புல்லும் சரிகையும் சிமெண்டும் பூனை முடியுமாக ஒரே கூத்தாக இருந்தது. அம்மா தள்ளிவிட்டதால் வந்து உட்கார்ந்த கனிஷ்காவின் கால் மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்த கால் மாதிரி இருந்தது. ஜனங்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். தனலட்சுமி அக்காள் தொட்டே பார்த்தார். கோகிலவாணிக்கு அன்று இருந்த பெருமையைச் சொல்லி முடியாது, தெருவுக்கே கால்மிதி தைத்தவளின் மகள் அல்லவா.

பரிசாக எவர்சில்வர் பொங்கல் பானையைக் கனிஷ்காவின் கையில் கொடுத்துவிட்டு, நல்லசிவம் மைக்கை அவள் முன்னால் நீட்டி, இதன் ரகசியத்தை நாலு பேருக்குச் சொல்லு சாமி என்றார். கனிஷ்கா பானையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் எங்கயும் போகலைங்க."

கைதட்டல் வேலியைத் தாண்டிக் கேட்டது. அடக்கமான பெண் என்றார்கள், இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று தங்கள் பிள்ளைகளின் முதுகில் ஒன்று வைத்தார்கள். கோகிலாவும் தட்டத்தான் கையைத் தூக்கினாள். தூக்கின கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் குரலை அவள் அறிவாள். சின்னப் பிள்ளையில் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோய், கண்டுபிடித்த பிறகு, அழுகையை அடக்கிக்கொண்டு நான் அழுவல என்று சொன்ன அதே குரல்.

வீட்டுக்கு வந்ததும் கனிஷ்கா பானையை மேசைமேல் வைத்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, குனிந்து போனைக் கால்மிதியின் பையில் போட்டு மூடியை இறக்கினாள். எழுத்து தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதுக்கு என்று கேட்க வந்த நாக்கைக் கோகிலா கடித்துக்கொண்டாள், ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது எனக்கில்லம்மா," என்றாள் கனிஷ்கா. "வாங்கன்னு சொல்லோணும்னா போயிட்டு வந்திருக்கோணும். நான் போகவே இல்ல. வாசல்லயேதான் நின்னுட்டிருக்கறேன்."

"யாரு வாசல்ல கண்ணு?"

"ஆஃப்ரின் வாசல்ல."

பிறகு எல்லாம் வந்தது, கோடை லீவிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த வாக்கியங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. ஆஃப்ரினும் அவளும் எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே பெஞ்சு. பத்தாவது பரீட்சை முடிந்து வரும்போது பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்கின ஆஃப்ரினைக் கனிஷ்கா படம் எடுத்து, ஸ்டிக்கராக்கி, வகுப்புக் குழுவில் போட்டாள். விளையாட்டுக்குத்தான் போட்டாள். வகுப்பே அதைப் பிடித்துக்கொண்டது, யார் எதைச் சொன்னாலும் பதிலுக்கு அந்தத் திறந்த வாய். ஆஃப்ரின் குழுவை விட்டு வெளியேறினாள், அதோடு அவள் அத்தா பள்ளப்பட்டியில் கடை வைத்துக் குடும்பத்தையும் அங்கே கொண்டுபோய்விட, பள்ளியும் மாறிவிட்டது. மன்னிச்சிரு என்று கனிஷ்கா எழுதினாள். படித்துவிட்டாள் என்று காட்டியது, பதில் இல்லை. சில சமயம் அவள் ஏதோ எழுதுகிறாள் என்று காட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு இவள் பார்ப்பாள், அப்புறம் அது நின்றுவிடும். அந்தக் கதவு எப்போது திறக்கும் என்று நாள் முழுக்க அதன் முன்னால் நின்றதுதான் கனிஷ்கா போனில் பார்த்ததெல்லாம். நின்ற இடத்தில் நிற்கிற காலில் மண் எப்படி ஒட்டும்?

கோகிலவாணிக்கு வெட்கமாக இருந்தது. ஊர் காலையெல்லாம் பார்த்தவள் இந்தக் காலை மட்டும் தப்பாகப் படித்துவிட்டாள், படித்ததற்குப் பானையும் வாங்கிவிட்டாள். ஆனால் அந்த வெட்கத்தை மீறிக்கொண்டு ஒரு சந்தோஷம் வந்தது, மகள் பேசிவிட்டாள், அழுதுகொண்டேயானாலும் பேசிவிட்டாள். செய்தது தப்பு என்று சொல்லலாம், விடு கண்ணு சின்ன விஷயம் என்றும் சொல்லலாம், இரண்டும் நாக்கு வரைக்கும் வந்தன.

"செருப்பைப் போடு," என்றாள். "போலாம்."

"அவ கதவைத் தொறக்கலைன்னா?"

"தொறக்கலைன்னா திரும்பி வருவோம். நின்ன காலு நடந்த காலாவாச்சும் ஆகட்டும்."

தெருமுனையில் நல்லசிவம் பந்தல் கழிகளை எண்ணிக்கொண்டிருந்தார். தாயும் மகளும் கண் சிவந்து, பையில்லாமல், விறுவிறுவென்று போவதைப் பார்த்ததும் எங்கே என்று வாயெடுத்துவிட்டார், எடுத்த வாயை அப்படியே மூடிக்கொண்டு, அவர்கள் நாலடி தாண்டட்டும் என்று காத்திருந்து, தூரமுங்களா என்று கேட்டார். பக்கந்தானுங்க என்றாள் கோகிலா. பள்ளப்பட்டி பஸ்ஸில் பொங்கல் கூட்டம், அரவக்குறிச்சி வரைக்கும் நின்றுகொண்டே போனார்கள். பள்ளப்பட்டியில் இறங்கினால் தெருவெல்லாம் குழாய் போடத் தோண்டிப் போட்டிருந்தது, வழி கேட்டுக் கேட்டு, குழி தாண்டித் தாண்டி, செம்மண்ணில் கால் புதையப் புதைய நடந்தார்கள். வருவதாக மெசேஜ் எதுவும் போடவில்லை. கனிஷ்காவின் போன் வீட்டில் கால்மிதிக்குள் இருந்தது.

கதவைத் திறந்தது ஆஃப்ரினின் அம்மா ஜமீலா. ஒரு நொடி திகைத்து, அடுத்த நொடி முகம் மலர்ந்து, வாங்க, வாங்கம்மா, வா கனிஷ்கா என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டு, கோகிலாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார். கனிஷ்கா கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். கரூரிலும் காலில் மண் வருகிறதா என்று ஜமீலா கேட்டார். இங்கேயும் அதே கதைதான், துபாய்க்காரர் வீட்டிலெல்லாம் பாலைவனத்தையே அள்ளிக் கொட்டுகிறார்கள் என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, பெருமையை அடக்க முடியாமல் சொன்னார்.

"எங்க ஆஃப்ரின் கால்ல மட்டும் ஒரு பொட்டு மண்ணு பார்க்க முடியாதும்மா. நாள் பூரா போனுதான், ஆனா கால் கண்ணாடி மாதிரி. அவ அத்தா கடைக்கு வர்றவங்க கிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லி மாயறாரு."

கோகிலாவின் கையில் தண்ணீர் டம்ளர் பாதி வழியில் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது உள் அறையின் நிலைப்படியில் ஆஃப்ரின் நின்றிருந்தாள், கையில் போன், கால் பளிச்சென்று. இந்தக் கதவுக்கு வெளியே ஒருத்தி, அந்தக் கதவுக்கு உள்ளே ஒருத்தி. கோகிலா எழுந்துபோய் ஜமீலாவின் தோளைத் தொட்டு, எங்க வீட்டுப் பொண்ணு காலும் இன்னைக்கு வரைக்கும் அப்படித்தானுங்க இருந்துச்சு என்று மெதுவாகச் சொன்னாள். ஜமீலாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"மெசேஜ்ல சொன்னா ஆச்சா?" என்றாள் ஆஃப்ரின். "எழுதி எழுதி அழிச்சேன். நீ நேர்ல வருவேன்னு வாசலையே பார்த்துட்டு இருந்தேன்."

வந்திட்டனே என்கிற மாதிரி கனிஷ்கா தலையை ஆட்டினாள். ஆஃப்ரின் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், பார்வை காலில் வந்து நின்றது. விரலிடுக்கெல்லாம் செம்மண், பாவாடை ஓரம் வரைக்கும் செம்மண்.

"கால் பூரா மண்ணு," என்றாள்.

"உங்க ஊரு மண்ணுதான்," என்றாள் கனிஷ்கா, சொல்லிவிட்டு வாயைப் பிளந்து அழத் தொடங்கினாள். ஆஃப்ரின் ஓடி வந்தாள், ஆனால் கட்டிப் பிடிப்பதற்கு முன்னால் போனைத் தூக்கி, அந்த மூக்கொழுகும் அழுமூஞ்சியை ஒரு படம் எடுத்து, அங்கேயே நின்று அதை ஸ்டிக்கராக்கினாள். கனிஷ்கா அதைப் பார்த்துவிட்டு அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். இரண்டு அம்மாக்களும் என்ன நடக்கிறது என்று தெரியாமலே சிரித்தார்கள். உள்ளே வா, கழுவிக்கலாம் என்று ஆஃப்ரின் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள், போன வழியெல்லாம் செம்மண் தடம் பதிந்தது, ஜமீலா அதைத் துடைக்கவே இல்லை.

அந்த ஸ்டிக்கர் இன்றைக்கும் எங்கள் தெருக் குழுவில் உலவுகிறது. அதன் பிறகு சுத்தமான கால் போட்டியை நல்லசிவம் எடுத்துவிட்டார். எடுத்ததோடு, சங்கத்தில் ஒரு புது வழக்கமும் வந்தது. எந்த வீட்டில் யாருடைய கால் நாள்பட்டுச் சுத்தமாக இருக்கிறதோ, அந்த வீட்டுக்கு யாராவது ஒருவர் சும்மா போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும், ஏன் வந்தேன் என்று சொல்லக் கூடாது. என் வீட்டுக்கு ஒரு சாயங்காலம் நல்லசிவம் வந்தார், ஒரு பொட்டலம் கரம் வாங்கிக்கொண்டு. முறுக்கை நொறுக்கிச் சட்னி ஊற்றின அந்தக் கரத்தை இருவரும் தின்று முடிக்கும் வரை அவர் ஒரு தடவைகூட என் காலைப் பார்க்கவில்லை. அவ்வளவு நாகரிகமான மனிதர் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதெல்லாம் அப்புறம். பள்ளப்பட்டிக்குப் போய் வந்த மறுநாள் காலையில் கோகிலா வீட்டைக் கூட்ட ருக்குமணி வந்தாள். வாசலிலிருந்து கனிஷ்காவின் கட்டில் வரைக்கும் செம்மண் கொட்டிக் கிடந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, வழக்கம்போல இடுப்பில் கையை வைத்தாள். கனிஷ்கா அடுக்களையில் நின்று ஆஃப்ரின் வீட்டுச் சமாச்சாரத்தை அம்மாவுக்கு மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள், கோகிலா குறுக்கே ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ருக்குமணி அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"இது வாசல் வழியா வந்ததுங்க," என்று சொல்லிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினாள்.